ஏழு வருட மௌனமும் தேங்காய்ச் சட்னியும்

இங்கிலீஷ் வாத்தியாருக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் எதிரிதான்: இங்கிலீஷ் பேசுகிற ஆள்.

மற்றவர்கள் முன்னால் நான் புலி. அப்போது எனக்குப் பதினோரு வருட சர்வீஸ். திருவண்ணாமலையில் ஒரு சின்ன ஆரம்பப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் முழுவதற்கும் இங்கிலீஷ் பொறுப்பு. காலாண்டு வினாத்தாளில் இலக்கணப் பிழை கண்டுபிடித்து, சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியவன். என் கையெழுத்தை அப்படியே கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கலாம். எழுதச் சொன்னால் எழுதுவேன், படிக்கச் சொன்னால் படிப்பேன். பேச மட்டும் சொல்லக் கூடாது. வாயைத் தமிழுக்கென்று நேர்ந்துவிட்டிருந்தேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஊர் இந்த ஊர். செங்கம் ரோடு பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் நான்கு பாஷை பேசுவார்கள். பூக்கட்டும் அம்மா ஒருவர் இத்தாலிக்காரியோடு அரை மணி நேரம் சண்டை போட்டு ஜெயித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் மட்டும், எதிரே ஒரு வெள்ளைக்காரர் வழி கேட்க வருவது போலத் தெரிந்தால் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வேன். (அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது.)

அந்த ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் எங்கள் ஹெச்.எம். மும்தாஜ் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏழுமலை சார், ஒரு நல்ல சேதி. ஃபாரின்லேந்து ஒரு பொண்ணு வருது. ஒரு வருஷம் நம்ம ஸ்கூல்ல இங்கிலீஷ் பேசக் கத்துக்குடுக்கப் போவுது. நீங்கதான் கூடவே இருந்து பாத்துக்கணும்."

"நானா டீச்சர்?"

"பின்ன? இங்கிலீஷ் வாத்தியார் நீங்க, பி.டி. வாத்தியாரா போய் பேசுவாரு?"

பி.டி. வாத்தியாரே போயிருக்கலாம். அவருக்கு விசில் இருக்கிறது.

மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். வரவேற்பு ஒரு வரி, பயணம் எப்படி இருந்தது என்று ஒரு வரி, எங்கள் ஊர் பிடித்திருக்கிறதா என்று ஒரு வரி. கண்ணாடிக்குள் இருந்த ஏழுமலை பிரமாதமாகப் பேசினான். நான்காம் நாள் ஹெச்.எம். அறையில் நிஜ ஏழுமலை நின்றான். எதிரே இருபத்துமூன்று வயதில், வெயிலில் தக்காளியாகச் சிவந்துபோன ஒரு பெண். பெயர் மார்த்தா. போலந்து தேசம். கைகூப்பி, ஏதோ கேட்டாள். கேட்டது எனக்கு நன்றாகவே புரிந்தது. பதிலும் தெரியும். வாயைத் திறந்தேன். காற்று வந்தது. அவ்வளவுதான்.

திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் மூடி, தொண்டையில் கை வைத்தேன். தொண்டை வலி என்று சைகை காட்டித் தப்பித்துவிடலாம் என்பது திட்டம். ஆனால் மார்த்தாவின் கண்கள் விரிந்தன. 

"சைலன்ஸ்?" என்றாள் மெதுவாக, கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

அவள் தங்கியிருந்தது ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதி அறையில். அந்த வட்டாரத்தில் சட்டையில் 'மௌனம்' என்று ஒரு வில்லையைக் குத்திக்கொண்டு, பால் பாக்கெட்டுக்குக்கூட விரலை நீட்டுகிற ஆட்கள் தெருவுக்கு இரண்டு பேர். பக்கத்து அறைக்காரரே அப்படி ஒருவராம். வந்து ஒரு வாரத்தில் இந்த ஊரைப் பற்றி அவள் தெரிந்துகொண்டிருந்தது அதைத்தான்.

நான் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ தடவை தலையாட்டியிருக்கிறேன், கல்யாணத்தின்போது உட்பட. எதுவும் என்னை இவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டதில்லை.

"ஹவ் லாங்?" என்றாள்.

நான் மும்தாஜ் டீச்சரைப் பார்த்தேன். அவர் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "செவன் இயர்ஸ்."

மார்த்தா என்னை நோக்கி இன்னொரு தடவை கும்பிட்டாள். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் குனிந்து.

அவள் வெளியே போனதும் நான் கதவைச் சாத்தினேன். "இன்னா டீச்சர் இது, ஏழு வருஷம்னுட்டீங்க!"

"பின்ன இன்னா சார், ரெண்டு நாள்னா வயித்து வலினு நெனச்சிக்கும். ஏழு வருஷம்னா ஒரு மரியாத கெடைக்கும்ல?" அவர் சிரிப்பை அடக்குவதில் பதிவேட்டில் ஒரு குழந்தைக்கு இரண்டு தடவை ஆஜர் போட்டுவிட்டார். "நேத்து வரைக்கும் ஸ்டாஃப் ரூம்ல உங்க வாய் மூடி நான் பாத்ததே இல்ல. ஒரு வாரம் இருங்களேன், எங்க காதுக்கும் ரெஸ்ட்டு."

ஒரு வாரம் என்று ஆரம்பித்தது ஏழு மாதம் ஓடியது.

இடையில் எப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொய் என்பது மலையைச் சுற்றக் கிளம்பியதைப் போலத்தான். பாதி தூரம் வந்தபிறகு திரும்பி நடந்தாலும் அதே தூரம், முன்னே நடந்தாலும் அதே தூரம். நான் முன்னே நடந்தேன்.

வகுப்பில் நான் தமிழில் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன். வராந்தாவில் மார்த்தாவின் செருப்புச் சத்தம் கேட்டதும், வகுப்புத் தலைவி ஃபாத்திமா முதல் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று கத்துவாள்: "சார், மிஸ் வர்றாங்க! வாய மூடுங்க!" நான் டக்கென்று மூடிக்கொள்வேன். 'பேசாதே, வாய மூடு' என்று நான் அவர்களிடம் சொன்னதையெல்லாம் அந்த நாற்பது பேரும் வட்டியோடு திருப்பித் தந்தார்கள். சில நாள் மிஸ் வராமலே ஃபாத்திமா அப்படிக் கத்தியதும் உண்டு. வாய்ப்பாடு நடக்கிற நாட்களில் மட்டும். (தற்செயலாக இருக்கும் என்று அப்போது நம்பினேன்.)

மார்த்தாவோடு பேச என்னிடம் ஒரு சிலேட்டு இருந்தது. அதில் இங்கிலீஷில் எழுதிக் காட்டுவேன். கையெழுத்துதான் நமக்குக் கைவந்ததாயிற்றே. மணி இன்னும் அடிக்கவில்லை என்பதற்காக ஒரு நாள் 'பொறுத்திரு' என்று எழுதினேன். அவள் அதை நோட்டில் குறித்துக்கொண்டாள். சத்துணவு ஆறிப்போகிறதே என்று 'முதலில் சாப்பாடு' என்று எழுதினேன். அதையும் குறித்துக்கொண்டாள். ஃபேன் ஓடாத ஒரு மத்தியானம் 'கரண்ட் வரும்' என்று எழுதியதற்குக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு அவளுடைய விடுதிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் மூன்று நான்கு பேர். நான்காம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். ஆறடி உயரத் தாடிக்காரர் ஒருவருக்கு முழங்கால் தாடையில் இடித்தது. ஆனாலும் முகத்தில் அப்படி ஓர் அமைதி. குழந்தைகள் அவருக்குக் கடலை மிட்டாய் கொடுத்தார்கள். நான் கரும்பலகைக்கு முன்னால் நின்று, மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில் அசையாமல் இருந்தேன். அந்த அசையாமைதான் தன்னை உலுக்கியது என்று தாடிக்காரர் மார்த்தாவிடம் சொன்னாராம்.

பகலில் அடக்கிய பேச்சு எங்கே போகும்? வேங்கிக்கால் வீட்டுக்குத்தான் போனது. அங்கே கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருக்கும் என் மனைவி அமுலு, சாயங்காலம் வந்து கைப்பையைக்கூட வைக்கவிடாமல் நான் ஆரம்பித்துவிடுவேன். சாம்பார், சாக்கடை, மருமகன் இல்லாத மாமியார், மாமியார் இல்லாத மருமகன் எல்லாம் பேசுவேன்.

"இன்னாங்க, இஸ்கூல்ல யாருமே உங்கள பேச உடமாட்டாங்களா?" என்றாள் ஒரு நாள், காதைத் தடவிக்கொண்டு. எவ்வளவு கரெக்டாகப் பிடித்துவிட்டாள் என்பது அவளுக்குத் தெரியாது. மௌன விஷயத்தை அவளிடம் மட்டும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அவள் எத்தனை வருடம் சிரிப்பாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிட்டேன்.

டிசம்பர் மாதம் ஒரு மழை நாள். பாதிப் பிள்ளைகள் வரவில்லை. மத்தியானம் தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டில், தகரக் கூரைக்கடியில் மார்த்தாவும் நானும் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தோம். அவள் பேசினாள். எப்போதும் போல மெதுவாக, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு பஸ் போகிற அளவுக்கு இடம் விட்டு. எனக்காகத்தான் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறாள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றைக்குத்தான் சொன்னாள். இங்கிலீஷ் அவள் பாஷையே இல்லையாம். (வெள்ளைக்காரர் என்றால் பிறக்கும்போதே இங்கிலீஷில் அழுவார்கள் என்று நானும் மும்தாஜ் டீச்சரும் நம்பியிருந்தோம்.) அப்பா உருளைக்கிழங்கு விவசாயி. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை எழுந்து நின்று இங்கிலீஷில் பேசியபோது வகுப்பே சிரித்ததாம், டீச்சரோடு சேர்த்து. அந்தப் பயம் போக வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தாளாம். போகவில்லை. தினமும் காலையில் பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னால் நின்று பத்து வரை எண்ணிவிட்டுத்தான் உள்ளே வருகிறாளாம். ஜனவரியில் அவளை அனுப்பிய அமைப்பின் ஆட்களும், நம் கல்வி அதிகாரிகளும் வரப்போகிறார்கள். அவர்கள் முன்னால் மேடையில் பேச வேண்டும். சரியாக வரவில்லையென்றால் பிப்ரவரியிலேயே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று சொன்னாள். "உங்களிடம் மட்டும்தான் பயமில்லாமல் பேசுகிறேன். நீங்கள் திருத்த மாட்டீர்கள். சிரிக்க மாட்டீர்கள். உங்களுக்குப் பேச்சே தேவையில்லை."

டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். ஒரு பெண் தன் பெட்டிச் சாவியை ஒரு திருடனிடம் கொடுத்து, பத்திரம் என்கிறாள். சொல்லிவிட வேண்டும் என்று சிலேட்டை எடுத்தேன். மழைச்சாரலில் குச்சி வழுக்கியது. 'எனக்கும் அப்படித்தான்' என்று இங்கிலீஷில் எழுதினேன். 

அதைவிடப் பெரிய உண்மையை நான் எந்தப் பாஷையிலும் எழுதியதில்லை. மார்த்தா படித்தாள், கண் கலங்கினாள். உலகத்தின் பயத்தையெல்லாம் தன் பயமாக ஏற்றுக்கொள்கிற பெரிய மனது என்று புரிந்துகொண்டு, ஒரு கும்பிடு போட்டாள்.

பொங்கல் முடிந்து அந்த நாள் வந்தது. பள்ளி மைதானத்தில் ஷாமியானா. முன்வரிசையில் இரண்டு வெளிநாட்டு அதிகாரிகள், வேங்கிக்காலிலிருந்து வந்த நம் கல்வி அதிகாரிகள், வெளிநாட்டவருக்கு மொழிபெயர்க்க ஒரு கல்லூரிப் பேராசிரியர். பின்னால் பெற்றோர்கள். ஓரமாகத் தாடிக்காரர் தலைமையில் விடுதிக் கோஷ்டி. எல்லா ஆசிரியர்களும் குடும்பத்தோடு வரவேண்டும் என்று மும்தாஜ் டீச்சர் உத்தரவு போட்டிருந்ததால், பட்டுப்புடவையில் அமுலு.

மார்த்தாவுக்கும் புடவை. மும்தாஜ் டீச்சர் பதினாலு பின் குத்திக் கட்டிவிட்டிருந்தார். குனிந்தால் ஏதாவது ஒன்று குத்தும். அதனாலோ என்னவோ மைக் முன்னால் மிக நேராக நின்றாள்.

"ரெஸ்பெக்டட்..." என்றாள்.

நின்றாள்.

மைக் ஒரு தடவை கீய்ய்ய் என்றது. அது மட்டும்தான் பேசியது. பத்து நொடி. இருபது நொடி. தாடிக்காரர், இது மௌன உரை என்று முடிவுசெய்து கண்ணை மூடிக்கொண்டார், கோஷ்டியும் மூடிக்கொண்டது. ஆனால் எனக்குத் தெரியும். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று நாள் கண்ணாடியில் பார்க்காத, நான்காம் நாள் ஹெச்.எம். அறையில் நான் வைத்திருந்த முகம் அது. வாய் திறந்திருக்கிறது, காற்று வருகிறது.

வெளிநாட்டு அதிகாரி ஒருவர் காகிதத்தில் ஏதோ குறித்தார். மார்த்தா என்னைப் பார்த்தாள். அத்தனை பேரில் என்னை.

சிலேட்டில் 'பேசு' என்று எழுதித் தூக்கிக் காட்டினேன். அந்தத் தூரத்துக்குத் தெரியவில்லை. இன்னும் பெரிதாக எழுதினேன். குச்சி உடைந்தது. 

எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை அமுலு கேட்கிறாள். கால் எழுந்துவிட்டது, நான் பின்னாலேயே போனேன்.

"மார்த்தா!" ஷாமியானாவே ஆடியது. ஏழு மாதம் தேக்கிய குரல் அல்லவா. "டோன்ட் ஃபியர்! ஐ ஆல்சோ ஃபியர்! டெய்லி ஃபியர்! லெவன் இயர்ஸ் ஃபியர்! மை இங்கிலீஷ் ஒன்லி ரைட்டிங், நோ டாக்கிங்! யூ டாக்! ராங் மீன்ஸ் ராங், நோ ப்ராப்ளம்! ஐ ஆல்சோ ராங்!"

கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த மூன்று வரியில் ஒன்றுகூட அதில் இல்லை.

தாடிக்காரர் கண்ணைத் திறந்தார். ஏழு வருட மௌனத்தை வாத்தியார் ஒரு பெண்ணுக்காக உடைத்துவிட்டார்! அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வந்தது. கோஷ்டியில் ஒரு பெண்மணி தரையில் விழுந்து கும்பிட்டாள். நாற்பது பிள்ளைகள் பெஞ்சில் ஏறிக் கைதட்டினார்கள். ஃபாத்திமா மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள்: "போச்சு! சார் பேசிட்டாரு!"

அமுலு பக்கத்திலிருந்த மும்தாஜ் டீச்சரைக் கேட்டாள். "இன்னா டீச்சர், இவங்கள்லாம் ஏன் அழுவுறாங்க?"

"அது... உங்க வூட்டுக்காரரு ஏழு வருஷம் கழிச்சிப் பேசறாருல்ல, அதான்."

"யாரு? இவுரா?" அமுலு எழுந்தே நின்றுவிட்டாள். கலெக்டர் ஆபீஸில் கடைசி மேஜை வரை கேட்கும் குரல் அது. "இன்னிக்குக் காலைல தேங்கா சட்னில உப்பு கம்மினு அரை மணி நேரம் பேசனாரு! அது ஆனதும் காரம் ஜாஸ்தினு கா மணி! ஏழு வருஷமாம், ஏழு நிமிஷம் சும்மா இருந்து நான் பாத்ததில்ல!"

அவ்வளவோடு போயிருக்கும். ஆனால் அந்தப் பேராசிரியர் கடமை தவறாதவர். வெளிநாட்டு அதிகாரிகள் பக்கம் திரும்பி, அமுலு சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், அருமையான இங்கிலீஷில், சட்னி உட்பட, மொழிபெயர்த்தார். அவர் கையிலும் ஒரு மைக் இருந்தது.

மார்த்தாவுக்குக் கேட்டது. என்னைப் பார்த்தாள். நான் சிலேட்டால் முகத்தை மூடிக்கொண்டேன். (சின்ன சிலேட்டு. காது இரண்டும் வெளியே தெரிந்ததாம்.)

முதலில் ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிலேட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தால், சிரிக்கிறாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பின் குத்தக் குத்த, 'ஆ, ஆ' என்று கத்திக்கொண்டே சிரிக்கிறாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு மைக்கைப் பிடித்தவள்தான். ஐந்து நிமிடம் கொடுத்த இடத்தில் பன்னிரண்டு நிமிடம் பேசினாள். இலக்கணம் எந்தப் பக்கம் போனதென்று யாருக்கும் தெரியாது. சிவப்பு மை வட்டம் போட்டிருந்தால் என் பேனா காலியாகியிருக்கும். நான் ஒரு வட்டமும் போடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன், அது ஒன்றைத்தான் ஏழு மாதத்தில் நன்றாகக் கற்றிருந்தேன். 

வெளிநாட்டு அதிகாரிகள் அவளை ஏப்ரல் வரை இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். தாடிக்காரர் மட்டும் வெள்ளிக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. கடலை மிட்டாய்க்காக என்று ஃபாத்திமா சொன்னாள்.

மன்னிப்பு? அது அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. மறுநாள் காலை மார்த்தா பள்ளிக்கு வந்தபோது சட்டையில் 'மௌனம்' என்ற வில்லை. நேராக என்னிடம் வந்து, என் மேஜை மேலிருந்த சிலேட்டை எடுத்தாள். 'இப்போது நீங்கள் பேசுங்கள்' என்று எழுதினாள்.

மூன்று நாள். மூன்று முழு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. தொட்டிப் படிக்கட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, கையைக் கட்டி என்னையே பார்த்தாள். நான் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. என் ஊர், என் அப்பாவின் கரும்புக் கொல்லை, செருப்பு வார், கண்ணாடி, எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை பஸ் மட்டுமல்ல, லாரியே போகலாம். அவள் திருத்தவில்லை. சிரிக்கவில்லை. (ஒரு தடவை சிரித்தாள். அது நான் சட்னியை விளக்கியபோது.)

மூன்றாம் நாள் மணி அடித்ததும் வில்லையைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டாள்.

"யுவர் இங்கிலீஷ், வெரி பேட்," என்றாள்.

"யுவர் இங்கிலீஷ் ஆல்சோ," என்றேன்.

அதற்கப்புறம் ஏப்ரல் வரை எங்கள் இருவரையும் நிறுத்த ஆளில்லை. மும்தாஜ் டீச்சர் ஸ்டாஃப் ரூமை விட்டு ஹெச்.எம். அறையிலேயே சாப்பிட ஆரம்பித்தார்.

இப்போது எங்கள் வீட்டில் சண்டையில் நான் பதில் சொல்லாமல் இருந்தால், என் மகள் கயல் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: "அம்மா, சாமி மௌனத்துல உக்காந்துட்டாரு!" அமுலு உடனே சட்னிக் கிண்ணத்தை என் முன்னால் கொண்டுவந்து வைப்பாள். அந்த வில்லை பூஜை அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யார் வைத்தது என்று இருவரும் சொல்ல மறுக்கிறார்கள்.

மார்த்தா இப்போது அவள் ஊரில் ஒரு பள்ளியில் டீச்சர். ஒவ்வொரு பொங்கலுக்கும் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவாள். சரியாக ஏழு நொடி. அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. கூர்ந்து கேட்டால் அந்த ஊர்க் காற்றும், யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தமும் கேட்கும்.

இந்த வருடமும் வந்தது. அமுலு போனை வாங்கிக் காதில் வைத்து, கண்ணை மூடி, ஏழு நொடியும் முழுசாகக் கேட்டாள். பிறகு போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரொம்ப சீரியஸாகச் சொன்னாள்:

"பரவால்லீங்க. அந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷ் இப்ப நல்லா வந்துடுச்சி. ஒரு தப்புகூட இல்ல."